ஒரே ஒரு வாய்

குடிகாரர் என்று சொன்னால் மாமாவுக்குக் கோபம் வந்துவிடும். "குடிக்கிறவன் வேற, ருசி பாக்கிறவன் வேற, தம்பி" என்பார். என்ன வித்தியாசம் என்று கேட்டால் சட்டப்புத்தகம் மாதிரி பதில் வரும்: காசு கொடுத்தால் குடி, கொடுக்காவிட்டால் ருசி.

உறவு முறையில் அவர் எனக்கு மாமா இல்லை. கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று போகும் தோட்டப்புறத்தில் வயதானவர் எல்லாருமே மாமாதான். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கோயிலுக்கு ஒரு பூசாரி, பெரட்டுக்கு ஒரு மண்டோர், கள்ளுக்கடைக்கு ஒரு நாக்கு. கடைசி வேலைக்கு மட்டும் கிராணி செக்ரோலில் பெயர் போடமாட்டார்.

பால்மரம் வெட்டி முடித்த கையோடு மாமா கள்ளுக்கடைக்கு வருவார். முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு இறக்கினது?" கள்ளுக்கு ஜாதகமே அந்த நேரம்தான். தென்னம்பாளையைத் தட்டி, நுனியைச் சீவிக் கட்டிய முட்டியிலேயே அது புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மாலையில் கிறுகிறுப்பு, மறுநாள் காடி. (காடி என்றதும் கார் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு: இது ஊறுகாய்க்கு ஊற்றும் காடி.) மாமா மங்கை வெளிச்சத்தில் பிடிப்பார். மிதக்கும் எறும்பை விரலால் ஒதுக்கிவிட்டு, "எறும்புக்குத் தெரியும்" என்று அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுப்பார். பிறகு ஒரே ஒரு வாய். கண்ணை மூடுவார். கடைக்காரர் உட்பட எல்லாரும் காத்திருப்போம்.

"இது மரத்துக் கள்ளு இல்ல. மூட்டைக் கள்ளு."

சீனி மூட்டையைச் சொல்கிறார். சீனித் தண்ணீரும் ஈஸ்டும் கலந்து பெருக்கிய சரக்கு. கடைக்காரர் சத்தம் போடாமல் உள்ளேயிருந்து வேறொரு முட்டியை எடுத்துவருவார். அதற்கும் ஒரு வாய். முதல் தீர்ப்பு சரிதானா என்று ஒப்பிட, திரும்பவும் பழையதில் ஒரு வாய். ஒரு வாய் என்பது மூன்று மங்குக்குக் குறையாது. "ருசி பாக்கப் போற மனுசன் திரும்பி வரும்போது சோத்துல உப்பு இருக்கா இல்லையான்னு தெரியாது" என்பது அத்தையின் மேல்முறையீடு.

கள்ளு விற்ற லாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவழிக்கக் கள்ளு நிதி என்று ஒன்று அந்த நாளில் இருந்தது. திடலில் பையன்கள் பந்து உதைத்தால், "உதைங்கடா, என் காசுதான்" என்று மாமா பெருமையாக நிற்பார். அவர் காசு கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

பரம்பரையும் லேசானதல்ல. 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு இந்த இரண்டு கோரிக்கைகளும் இருந்தன. கள்ளுக்கடைகளை மூடு. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்பதை ஒழி. மாமாவின் அப்பாவும் கூட்டத்தில் இருந்தாராம். சைக்கிளுக்கு மட்டும் கை தூக்கினாராம்.

தோட்டம் போயிற்று, செம்பனையும் வீடமைப்பும் வந்தன, கள்ளுக்கடையும் இல்லை. 2007இல் பத்தாங் பெர்ஜுந்தையின் பெயர்கூட பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. மாமா மட்டும் சீனர் காப்பிக்கடையில் அதே பதவியில் தொடர்கிறார். சுங்கைவே ஆலையின் கருப்பு பீரையும், 1972இல் ஷா ஆலாமில் தொடங்கிய ஆலையின் பச்சைப் போத்தலையும் கண்ணைக் கட்டிக்கொண்டே பிரித்துச் சொல்வாராம். ஒன்று கருப்பு, கசப்பு; மற்றது மஞ்சள், இலேசு. இதைச் சொல்லக் கண்ணும் வேண்டாம், மாமாவும் வேண்டாம் என்று நான் வாய் திறந்ததில்லை. 2017 அக்டோபரில் கோலாலம்பூரில் நடக்கவிருந்த பீர் விழா அனுமதி கிடைக்காமல் நின்றபோது ஒரு வாரம் துக்கம் காத்தார். அந்த விழாவுக்கு அவரை யாரும் அழைத்திருக்கவில்லை.

போன வாரம் அந்தக் காப்பிக்கடையில் அவரிடம் கைப்பேசியில் ஒரு படம் காட்டினேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஓஷ்கோஷ் ஊர். அங்குள்ள விமான அருங்காட்சியகத்தில் பீர் ருசி பார்க்கவே ஒரு விழா நடத்துகிறார்கள். பீருக்குக் கசப்பைக் கொடுக்கும் ஹாப்ஸ் பூவையும் விமானத்தின் ப்ரொப்பெல்லரையும் சேர்த்து 'ஹாப்ஸ் அண்ட் ப்ராப்ஸ்' என்று பெயர். தலைக்கு மேல் பழைய விமானங்கள் தொங்க, கீழே ஆளுக்கொரு குட்டிக் கிளாஸ். இப்படிப்பட்ட விழாக்களில் சிலர் பிஸ்கட்டைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொள்வார்கள் என்றும் சொன்னேன்.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மாலையா? நம்மாளு மாலை போட்டா குடிய விடுவான். இவனுங்க மாலை போட்டுக்கிட்டுக் குடிக்கிறானுங்களா?"

"குடிக்கல மாமா, ருசி பாக்கிறாங்க. டிக்கெட் வாங்கணும்."

"டிக்கெட்டா?" முகம் மாறிவிட்டது. "அப்ப அது குடிதான்."

பிறகு கைப்பேசியை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, யாரோ ஒரு வெள்ளைக்காரர் கையிலிருந்த கிளாஸை வெகுநேரம் பார்த்தார். விமானத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "நுரை நிக்கல. ஊத்தி ரொம்ப நேரமாச்சு" என்று ஓஷ்கோஷுக்குத் தீர்ப்பெழுதிவிட்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு கருப்பு போத்தலுக்குக் குரல் கொடுத்தார். அடுத்து ஒரு பச்சை. திரும்பவும் கருப்பு. நான் காப்பி ஓ ஒன்றோடு உட்கார்ந்திருந்தேன்.

தவுக்கே கணக்கோடு வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமா பதறாமல் என் காலிக் கோப்பையைச் சுட்டிக்காட்டினார்.

"குடிச்சது தம்பிதான்."