ஏ-யா, எஃப்-ஆ?

ஜன்னல் மூடியை இழுத்து இறக்கும் அந்த ‘டக்’ சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. எந்த விமானம், யாருடைய கை என்பதெல்லாம் வேண்டாம். அந்தக் கை எல்லா விமானத்திலும் இருக்கிறது. ஜன்னல் சீட்டுக்கென்று தனிக் காசு கட்டும், உட்கார்ந்து பெல்ட் மாட்டும், மூடியை இறக்கும், கைப்பேசியில் பாதியில் நின்ற படத்தைத் தொடரும். பணிப்பெண் வந்து “திறந்து வையுங்கள்” என்றால் திறக்கும்; அவர் முதுகைக் காட்டியதும் மறுபடி டக். கேட்டால், “வெயில் அடிக்குது சார்.” காலை விமானத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு வலது பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காமல் சாமரமா வீசும்? டிக்கெட் போடும்போதே யோசித்திருக்க வேண்டாமா? எந்த சீட்டைப் பிடித்தால் நிழலும் கிடைக்கும், காவிரியும் தெரியும் என்பதற்குத் திட்டவட்டமான விடை உண்டு. அதை இந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பஸ்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு எறிந்து இடம் பிடிக்கிறவரைப் படிக்காதவர் என்று நினைப்பவர்கள் அந்தத் துண்டு எந்த ஜன்னலில் போய் விழுகிறது என்று கவனித்ததில்லை. அதற்குள் ஒரு வருஷப் பஞ்சாங்கமே இருக்கிறது. ஸ்டாண்டில் பஸ் நிற்கும்போது எந்தப் பக்கம் நிழல் என்று பார்த்து உட்காருகிறவன் கத்துக்குட்டி. வண்டி வாசலைத் தாண்டித் திரும்பியதும் வெயில் அவன் மடியில் வந்து உட்காரும். தேர்ந்தவன் பார்ப்பது வண்டி போகப்போகும் திசையை. தஞ்சாவூர் பஸ் கிழக்கே போகிறது, ஆகவே காலை வெயில் டிரைவருக்கு. அதே பஸ் மார்கழி நடுப்பகலில் என்றால் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், வலது பக்கம் ஆகாது. சித்திரை முதல் வாரத்தில் திருச்சிக்கு உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. அதன்பின் ஆவணி முதல் வாரம் வரைக்கும் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கிறான். ‘தெற்குப் பக்கம்தான் காயும்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் வைகாசியில் ஏமாறுவது இதனால்தான். வைகாசியில் அவன் பெரும்பாலும் கூரையைத்தான் காய்ச்சுவான் என்பது வேறு விஷயம். கரூர் பஸ் மேற்கே போகிறது, காவிரி வலக்கைப் பக்கம். மார்கழி நடுப்பகலில் அதில் வலது ஜன்னலைப் பிடித்தால் ஆறும் உண்டு, நிழலும் உண்டு. அதற்கு இணையான சீட் தமிழ்நாட்டில் இல்லை என்று எங்கு வேண்டுமானாலும் வந்து வாதாடத் தயார். இனி சென்னை. பாதை வடகிழக்கே ஏறுகிறது. காலையில் போனால் கிழக்கு வெயில் வலது பக்கம். மாலையில் திரும்பினால் மேற்கு வெயில், அதுவும் வலது பக்கம். போகும்போதும் வரும்போதும் இடது பக்கமே நிழல் என்பது திருச்சிக்காரர்களுக்கு இயற்கை கொடுத்த சலுகை. பல்லவன் எக்ஸ்பிரஸ்ஸில் காலையில் போய் அதே பல்லவனில் மாலையில் திரும்புகிறவர்களைக் கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள்.

அப்படியானால் விமானத்திலும் இடது பக்க ‘ஏ’தானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். நிழல் மட்டும் போதும் என்றால் ‘ஏ’தான். காட்சியும் வேண்டும் என்கிறபோதுதான் காற்று குறுக்கே வருகிறது. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதன் இரண்டு முனைகளுக்கும் 09, 27 என்று பெயர், அதாவது 90 பாகை, 270 பாகை. மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும் அதற்கு வடக்கே. விமானம் எதிர்காற்றில் ஏறுவது வழக்கம். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் மேற்கு நோக்கி ஏறும். வடக்கு வலக்கைப் பக்கம் வரும். ஐப்பசியில் வாடை வந்துவிட்டால் கிழக்கு நோக்கி ஏறும். வடக்கு இடக்கைப் பக்கம். ஆடிக் காலையில் வலது பக்க ‘எஃப்’பில் உட்கார்ந்தால் முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும், நடுவே திட்டும், அதில் கட்டம் போட்டதுபோல் ஒன்றுக்குள் ஒன்றாகப் பிராகாரங்களும், தென்முனையில் 236 அடி ராஜகோபுரம் தீப்பெட்டி உயரத்திலும் தெரியும். ஆனால் வடகிழக்கே திரும்பியதும் சூரியன் அதே ஜன்னலுக்கு வந்துவிடுவான். ஐப்பசியில் ‘ஏ’யில் உட்கார்ந்தால் நிழலும் காட்சியும் ஒரே பக்கம், கணக்கு அழகாக ஒத்துவரும். ஆனால் அப்போது அடைமழை. வெயிலே கிடையாது, மேகத்துக்குக் கீழே ஸ்ரீரங்கமும் கிடையாது. பங்குனியில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும், ஆற்றில் மணல் இருக்கும்.

இந்த ஊரில் இடம் பார்த்து உட்காரும் கலை நேற்று வந்ததல்ல. ரங்கநாதர் மேற்கே தலை, கிழக்கே கால் வைத்துத் தெற்கு பார்த்துப் படுத்திருக்கிறார். விபீஷணனுக்காக இலங்கையைப் பார்க்கிறார் என்பது தலபுராணம். காலை வெயிலும் மாலை வெயிலும் கண்ணில் விழாத திசை அது என்பதையும் கவனிக்கலாம். இப்போது அந்தத் திசையில்தான் விமான நிலையம் இருக்கிறது, கொழும்பு விமானமும் அந்தப் பக்கமாகத்தான் பறக்கிறது. ரங்கநாதரின் தேவியான உறையூர் நாச்சியார் வடக்கு பார்த்து அமர்ந்திருக்கிறாள். அவள் பார்க்க வேண்டியவர் வடக்கே ஸ்ரீரங்கத்தில் படுத்திருக்கிறார். நிழலே வேண்டாம் என்றவள் உறையூர் வெக்காளி அம்மன் ஒருத்திதான். ஊரில் எல்லோருக்கும் வீடு கிடைக்கும்வரை தனக்குக் கூரை வேண்டாம் என்று வெயிலிலும் மழையிலும் இருக்கிறாள். ஸ்ரீரங்கத்தில் விமானம் பொன் வேய்ந்தது, வெக்காளிக்கு விமானமே இல்லை. அவளைக் கும்பிட்டுவிட்டு வந்து ஏறுகிற உறையூர்க்காரர்தான் மூடியை இறக்குகிறார்.

முக்கால் மணி நேரத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்பார்கள். முக்கால் மணி நேரம்கூட வெயிலைத் தாங்க முடியாதவர் நடைவழி சீட்டில் உட்காரட்டும்; அங்கே வெயில் இல்லை. வெயிலுக்கு எதிரே பார்த்தால் கண் கூசுமே என்பது இன்னொரு வாதம். கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் ஆற்றுநீர் வெள்ளித் தகடாக மின்னுவது சூரியன் எதிரே நின்றால்தான். நிழல் பக்கத்திலிருந்து பார்த்தால் காவிரி தேநீர் நிறம். காசு கட்டியவருக்கு மூடியை இறக்க உரிமை இல்லையா என்பதுதான் கடைசி அஸ்திரம். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் டெல்டா, யுனைடெட் நிறுவனங்கள் மீது வழக்கே போட்டார்கள், ஜன்னல் சீட் என்று கூடுதல் காசு வாங்கி வெறும் சுவரோரம் உட்கார வைத்ததாக. போயிங் 737 போன்ற சில விமானங்களில் குளிர்காற்றுக் குழாய் ஏறும் இடத்தில் ஜன்னல் இருக்காது. அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்ததற்கு நீதிமன்றம் போகிறார்கள். இங்கே நல்ல ஜன்னலைக் காசு கொடுத்து வாங்கிச் சுவராக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் தாராளமாக அந்தச் சுவர் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதுவும் வேண்டாம் என்றால், மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் திருச்சியிலிருந்து சென்னைக்கு இரவில்தான் ஓடுகிறது. அதில் இரண்டு பக்கமும் நிழல்.