மூன்றாவது கட்சி

ஜில்லா கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்து, வாதி பிரதிவாதி இருவருடைய பொய்களையும் சமமான மரியாதையோடு கேட்டுப் பழகி, கடைசியில் சிரஸ்தாராக ஓய்வு பெற்ற எனக்கு, என் சொந்த வீட்டுக் கூடத்தில் கால் நூற்றாண்டுக்கு மேல் நிலுவையில் கிடக்கும் ஒரு வியாஜ்ஜியத்தை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை, சென்ற பொங்கல் விடுமுறையில் திடீரென்று உண்டாயிற்று. வாதி என் தமக்கையின் மகன், எனக்கு மருமகன். பிரதிவாதி என் மகள். இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஆளுக்கு இரண்டு குழந்தைகளும் ஒரு வீட்டுக் கடனும் உடையவர்கள். வழக்கு நிலத்தைப் பற்றியதன்று. நகையைப் பற்றியதும் அன்று. ஜப்பான் தேசத்தார் கற்பனை செய்து உலவவிட்ட கிளௌட் என்னும் வாலிபனுக்கு ஏற்ற துணை எரித் என்பவளா, டீஃபா என்பவளா என்பதுதான் பிராது.

விஷயம் அறியாதவர்களுக்காகச் சில வார்த்தை சொல்லிவிடுகிறேன். 'ஃபைனல் ஃபேன்டஸி' என்ற பெயரில் வரிசையாக வந்த விளையாட்டுகளில் ஏழாவதை ஸ்கொயர் என்ற ஜப்பானியக் கம்பெனி 1997 ஜனவரியில் வெளியிட்டது. மூன்று வட்டுகளில் அடங்கிய அந்தப் பெருங்கதையில், ஷின்ரா என்ற கம்பெனி பூமியின் ஜீவசக்தியையே உறிஞ்சி மின்சாரம் ஆக்கி விற்கிறது; அதை எதிர்த்து, வலது கைக்குப் பதில் துப்பாக்கி பொருத்திய பாரெட் என்ற மகா ஆகிருதி ஒருவர் ஒரு சிறு கூட்டத்தை நடத்துகிறார்; கதவுப் பலகையைப் போன்ற வாளைச் சுமந்துகொண்டு கூலிக்குப் போர் செய்ய வருகிறான் நம் கிளௌட். டீஃபா அவனோடு ஒரே ஊரில் வளர்ந்தவள், இப்போது நகரத்தில் மதுக்கடை நடத்துபவள், குத்துச்சண்டைக்காரி. எரித் தெருவில் பூ விற்பவள். முதல் வட்டு முடிகிற இடத்தில், கண்களை மூடிப் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கும் அந்தப் பூக்காரியை, செஃபிராத் என்ற பாவி மேலிருந்து இறங்கி, நெடிய வாளால் முதுகில் குத்திக் கொன்றுவிடுகிறான். கொன்றவனை மன்னித்தாலும் மன்னிப்பார்களே தவிர, கொல்லவிட்ட கதாசிரியர்களை ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இந்த விளையாட்டு 1998-இல் கணிப்பொறிக்கும் வந்தது. அந்தப் பெட்டி என் தமக்கை வீட்டுக்குத்தான் முதலில் வந்தது. என் மகளும் அந்த விடுமுறை முழுவதும் அத்தை வீட்டிலேயே குடியிருந்தாள். ஒரு நாள் மாலை நான் அங்கே போனபோது, பையன் திரைக்கு முன்னால் அசைவற்று உட்கார்ந்திருந்தான், கண்கள் கலங்கியிருந்தன. பரீட்சை முடிவு வந்துவிட்டதோ என்று நான் பதறி விசாரித்தபோது, "எரித் போயிட்டா, மாமா" என்றான். உறவினர்களில் அப்படி ஒரு பெயர் என் ஞாபகத்துக்கு வரவில்லை. இருந்தாலும் மரியாதைக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் மௌனமாக நின்றேன்.

அவனுடைய துக்கத்தில் பாதிக்கு மேல் ஆத்திரம் என்பது போகப்போகத்தான் எனக்குப் புரிந்தது. அந்த உலகத்தில் போரில் வீழ்ந்தவர்களை எழுப்ப ஃபீனிக்ஸ் பறவையின் இறகு ஒன்று கடைகளில் கிடைக்கிறது. விலை முந்நூறு கில். கில் என்பது அந்த ஊர் நாணயம். சாதாரணச் சண்டைகளில் எரித் அதற்கு முன்பே இருபது தடவை வீழ்ந்து, இருபது தடவையும் இறகின் பிரபாவத்தால் எழுந்து, புடவையைத் தட்டிக்கொள்வதுபோல் பாவாடையைத் தட்டிக்கொண்டு மறுபடியும் போரிட்டிருக்கிறாள். இருபத்தோராவது தடவை மட்டும் இறகு ஏன் வேலை செய்யவில்லை? "என் பையிலே முப்பது இறகு இருந்தது, மாமா! ஒருத்தன்கூட எடுத்துக் கொடுக்கலை!" என்று அவன் கேட்ட கேள்விக்கு உலகமெங்கும் உள்ள ரசிகர்களிடையே இன்றுவரை சமாதானம் கிடையாது. போரில் வீழ்வது வெறும் மயக்கம், கதையில் வீழ்வதே மரணம் என்று ஒரு சாரார் வியாக்கியானம் செய்கிறார்கள். வைத்தியர் கைவிட்ட பிறகு சஞ்சீவி மருந்து எங்கே போயிற்று என்று கேட்பவனிடம் தத்துவம் பேசுவதைப்போல்தான் அது.

அதற்கும் சற்று முன்னால் இருக்கும் பழைய கோயிலில், 'இளவரசியின் காவல்' என்ற பொருள்படும் பெயரோடு அவளுக்கென்றே ஓர் அருமையான கைத்தடி கிடைக்கிறது. பையன் அதைத் தேடி எடுத்து, அவள் கையில் கொடுத்து அழகு பார்த்த கொஞ்ச நேரத்துக்குள் அவள் கதை முடிந்துபோயிற்று. சாகப்போகிறவளுக்குச் சீர் செய்ய வைத்தார்களே என்ற வயிற்றெரிச்சல் அவனுக்கு இன்னும் தீரவில்லை.

அவன் ஒருவன்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். அவளை உயிர்ப்பிக்கக் கோரி அந்த விளையாட்டின் இயக்குநரான கிட்டாசே அவர்களுக்கு ரசிகர்கள் மனுவே கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது, மனுக்களோடு ஆயுளைக் கழித்த எனக்கே மெய்சிலிர்த்தது. கோர்ட்டு முத்திரை ஸ்டாம்பு ஒட்டினார்களா என்பது தெரியவில்லை. அவள் பூ வளர்த்த பழைய மாதா கோயிலுக்குப் பின்னொரு சமயம் போனால், கண் இமைக்கும் நேரம் அவள் உருவம் தோன்றி மறைகிறது. இந்த ஓர் இமைப்பொழுதை ஆதாரமாகக் கொண்டு, இன்ன பொருளை இன்ன இடத்தில் வைத்தால் அவள் திரும்புவாள் என்ற வதந்திகள் தேசம் தேசமாகக் கிளம்பி, எத்தனையோ பேரின் தூக்கத்தைக் கெடுத்தன. அவள் பெயரை முதல் ஆங்கிலப் பதிப்பில் 'ஏரிஸ்' என்றும் பிற்பாடு 'எரித்' என்றும் எழுதிவிட்டபடியால், ஸகரக் கட்சி, தகரக் கட்சி என்று அவளுடைய பக்தர்களுக்குள்ளேயே இரண்டு பிரிவு உண்டு. நாமத்துக்குச் சண்டை போடுவது நாம் மட்டும்தான் என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

பிரதிவாதியான என் மகளுடைய பக்ஷமோ வேறு மாதிரி. அவள் கண்ணீர் விடுகிற ஜாதியல்ல. சாட்சியம் கொண்டுவருகிற ஜாதி. இரண்டாவது வட்டில் கிளௌட் சித்தம் கலங்கி, தான் யார் என்றே தெரியாமல், சக்கர நாற்காலியில் தலை தொங்கக் கிடக்கிறான். உலகம் அழியப்போகிறது என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிற வேளையில், தோழர்களையும் போரையும் விட்டுவிட்டு அவன் பக்கத்திலேயே தங்கிப் பணிவிடை செய்து, அவனுடைய சிறுவயது ஞாபகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி மீட்டவள் டீஃபா. "ஆஸ்பத்திரியிலே ராத்திரி முழிச்சவ யாருன்னு கேளுங்க, அப்பா" என்பாள் என் மகள். "எரித் உயிரோடு இருந்தா அவ முழிச்சிருப்பா" என்பான் வாதி. அதற்கு அவள் ஒரு பெருமூச்சு விட்டு, "செத்துப்போனவளோட யார் போட்டி போட முடியும்?" என்று சொல்லுவாள். கண்ணகியா மாதவியா என்று பட்டிமண்டபங்களில் தொண்டை கிழியப் பேசுகிற வித்வான்களிடம்கூட இப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

கல்யாணங்கள் நடந்தன, பேரன் பேத்திகள் பிறந்தார்கள், வழக்கு மட்டும் அடங்கியே கிடந்தது. 2020-இல் அதே கதையைப் புதிதாக வரைந்து முதல் பாகத்தை வெளியிட்டார்கள். 2024 பிப்ரவரி 29-ஆம் தேதி இரண்டாம் பாகம் வந்தது. அதில் அவள் இறந்தாளா இல்லையா என்று தெளிவாகச் சொல்லாமல் மூடுமந்திரமாக முடித்துவிட்டபடியால், வாதி புது ஆதாரம் கிடைத்துவிட்டதென்று வழக்கை மறுபடியும் எடுத்துவிட்டான். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போகும்வரை நடந்த வாக்குவாதத்தைக் கேட்டுச் சகியாமல், "ஸ்தலத்தைப் பார்வையிடாமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்" என்று நான் அறிவித்தேன். அன்று மாலையே மருமகன் பழைய விளையாட்டைத் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து, விசைப்பலகையை விபூதித் தட்டு கொடுப்பதுபோல் என் கையில் கொடுத்தான்.

நீதிபதி ஸ்தானத்தில் இருப்பவன் கட்சிக்காரர்களோடு நெருங்கிப் பழகலாகாது என்ற நெறியை நான் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடித்தேன். வீதியில் எதிர்ப்பட்ட எரித்திடம் ஒரு கில் கொடுத்து ஒரு பூ வாங்கினேன். அதை டீஃபாவுக்குத் தருவதா, மதுக்கடையில் இருந்த மார்லீன் என்ற சின்னக் குழந்தைக்குத் தருவதா என்று யந்திரம் கேட்டது. குடும்பஸ்தனாகிய நான் என்ன செய்வேன்? குழந்தைக்குத்தான் கொடுத்தேன். மாதா கோயிலில் எரித்தைச் சிப்பாய்கள் சூழ்ந்தபோது, மேலிருந்து பீப்பாய்களை உருட்டிக் காப்பாற்றுகிற வித்தை எனக்குப் பிடிபடவில்லை. "நீயே சண்டை போடு, அம்மா" என்று சொல்லிவிட்டேன். வயது வந்த பெண்கள் குழைந்து பேசிய இடங்களில் எல்லாம் ஆபீஸ் பதில்போல இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டு, பாரெட் பேசும்போது மட்டும், ஆண்பிள்ளை ஆண்பிள்ளையோடு பேசுகிற சகஜத்தோடு அனுசரணையாகப் பதில் சொன்னேன். காட்டில் வழிமறித்த யூஃபி என்ற பெண் திருட்டுக்குணம் உடையவள் என்று பார்த்தவுடனே தெரிந்ததால் சேர்க்கவே இல்லை.

நடுவில் ஒரு சமாசாரம். ஒரு போக்கிரிப் பிரமுகரின் மாளிகைக்குள் நுழைவதற்காகக் கிளௌட் பெண்வேஷம் போட வேண்டியிருக்கிறது. சவுரிமுடிக்காகத் தேகப்பயிற்சிக் கூடத்தில் போட்டிக்குத் தோப்புக்கரணம் போட வேண்டும். அந்த நாளில் நாடகக் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட்டுகளை எத்தனையோ பார்த்தவன் நான். இவ்வளவு சிரத்தையாக உடை, சவுரி, வாசனைத் திரவியம் என்று அலைந்தவனைக் கண்டதில்லை. தோப்புக்கரணத்தில் நான் தோற்றேன். என் பேத்தி எனக்காகப் போட்டு ஜெயித்தாள்.

பிறகு கோல்ட் சாஸர் என்ற கேளிக்கை நகரம் வந்தது. இரவில், தங்கும் விடுதியில் கிளௌட் படுத்திருக்கிறான், கதவு தட்டப்படுகிறது, வருகிறவளோடு அவன் உலாவப் போய், பழனியில் இருக்கிறதே ரோப் கார், அந்தமாதிரித் தொங்குவண்டியில் உட்கார்ந்து வாணவேடிக்கை பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்துக்காக வாதியும் பிரதிவாதியும் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தது. உள்ளே வந்து நின்றவர் பாரெட்.

துப்பாக்கிக் கையும் கடுகடுத்த முகமுமாக அந்த மகா புருஷர் ஒரு பக்கம், என் கிளௌட் எதிர்ப் பக்கம். வெளியே ஆகாயமெல்லாம் பூப்பூவாக வெடிக்கிறது. இருவரில் யாருக்கும் அங்கே இருக்கப் பிரியமில்லை. என் மகள் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மருமகனுக்குப் புரையேறித் தலையில் தட்ட வேண்டியிருந்தது.

ரகசியத்தை அப்புறம்தான் சொன்னார்கள். இந்த யந்திரம் யாருக்கும் காட்டாமல் உள்ளே ஒரு பேரேடு எழுதிக்கொண்டே வருகிறதாம். தொடக்கத்தில் எரித் பேரில் 50, டீஃபா பேரில் 30, யூஃபி பேரில் 10, பாரெட் பேரில் சுழி. யாரிடம் எப்படிப் பேசினோம் என்பதைப் பார்த்துக் கணக்கு ஏறும், இறங்கும். அன்றிரவு யார் பேரில் தொகை அதிகமோ அவரே கதவைத் தட்டுவார். குழந்தைக்குக் கொடுத்த பூவைக்கூட அந்தப் பாழும் கணக்கன் பாரெட் பேரில்தான் வரவு வைத்திருக்கிறான்!

உடனே என் உத்தியோக புத்தி விழித்துக்கொண்டது. கிளௌட்டின் மனசு யாரிடம் என்று இருபத்தைந்து வருஷமாக வாதாடுகிறார்களே, அவரவர் விளையாட்டில் அவரவர் நடந்துகொண்டபடிதானே கதவு தட்டப்பட்டிருக்கும்? "1998-இல் உன் கதவைத் தட்டியது யார்?" என்று மகளைக் குறுக்கு விசாரணை செய்தேன். அவள் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். ஞாபகமில்லை என்றாள். கோர்ட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மறுபடி கேட்டதற்கு, மெல்லிய குரலில், "எரித்" என்றாள். பேரேட்டைப் பற்றி அப்போது தெரியாதாம். அந்தப் பெண் சிரித்துப் பேசினாளாம். இவளும் நல்லபடியாகப் பதில் சொல்லித் தொலைத்தாளாம். மருமகன் துள்ளிக் குதித்தான். அதே கேள்வியை அவனிடம் கேட்டவுடன் குதிப்பது நின்றது. அவனுக்கு வந்தது டீஃபா.

இருவரும் கால் நூற்றாண்டாக மறைத்துவைத்த சமாசாரம் இவ்வாறு வெளியாகிவிட்டபடியால், கூடத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. தீர்ப்பைச் சொல்ல இதுவே தக்க தருணம் என்று நான் கனைத்துக்கொண்டேன்.

ஓர் ஓரத்தில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டே இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த என் சம்சாரம், "என்னங்க, அந்தத் துப்பாக்கிக் கைக்காரரைப் பார்த்து ஏன் சிரிக்கிறீங்க?" என்றாள். "ஊரே எரிஞ்சுபோச்சு. கை போச்சு. சிநேகிதன் பெத்த பொண்ணைத் தன் பொண்ணா வளர்க்கிறார். நேத்துத்தானே காட்டினீங்க? ராத்திரி ரோப் கார்ல யார் போனா என்ன, அந்தக் குழந்தையை யார்கிட்ட விட்டுட்டு வந்திருக்கார்?"

"எரித்தோட அம்மா வீட்டுலதான், அத்தை" என்றான் மருமகன். "மார்லீனைப் பத்திரமா அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததே எரித்தான்!"

"அப்படின்னா அந்தப் பூக்காரப் பொண்ணு நல்ல பொண்ணுதான்" என்றாள் என் சம்சாரம்.

"கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி அனுப்பினது டீஃபா, அம்மா!" என்று என் மகள் தரையிலிருந்து எழுந்தாள். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மொச்சைக்காய் முறத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.