திரும்பிப் பார்க்கும் கடமை

கேள்வி: ஓஃபன்பாக்கின் 'பாதாளத்தில் ஓர்ஃபியஸ்' என்னும் பிரெஞ்சு நகைச்சுவை இசைநாடகம் இசைத்தட்டுக்கு இசைத்தட்டு மாறுபடுவது ஏன்?

பதில்: 1858இல் பாரிஸில் இரண்டு அங்கங்களாக அரங்கேறிய இந்நாடகத்தை 1874இல் ஓஃபன்பாக்கே நான்கு அங்கங்களாக விரித்தெழுதியதால், மூல வடிவங்களே இரண்டாயின. மிஷேல் பிளாசோனின் ஒலிப்பதிவு பிந்தியதைத் தழுவ, மார்க் மின்கோவ்ஸ்கியின் 1997ஆம் ஆண்டுப் பதிவு முந்தியதை அடிப்படையாகக் கொண்டு பிந்தியதன் சில பகுதிகளைச் சேர்த்துக்கொண்டது. திரை விலகுமுன் ஒலிக்கும் முன்னிசையாக உலகம் அறிந்ததோ, 1860இல் வியன்னா அரங்கேற்றத்திற்காக கார்ல் பிண்டர் தொகுத்தது. இந்த அடுக்குகளைப் பிரித்தறிய, கிடைக்கும் கைப்படிகளை ஒப்புநோக்கும் ஆய்வுப் பதிப்பை ஜான்-கிறிஸ்டோஃப் கெக் உருவாக்கினார். மனைவியை மீட்கச் சென்ற ஓர்ஃபியஸுக்குத் திரும்பிப் பார்ப்பது குற்றம். பதிப்பாசிரியருக்கோ அதுவே கடமை.