மடவளைப் பிரதேசத்து லெப்டொப்புகளின் அகால மரணம்: ஓர் ஆராய்ச்சி

மனிதன் ஒருவன் காரணந் தோன்றாமல் இறந்துபட்டால், அக்காரணத்தைக் கண்டறிந்து எழுத்தில் வைத்தாலன்றிப் பிரேதத்தை அடக்கஞ் செய்யலாகாது என்று கருதிய இலங்கைச் சட்டம், பிரதேசந்தோறும் திடீர் மரண விசாரணை அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் முன்னிலையில் வீட்டாரும் அயலாரும் சாட்சியம் அளிக்கவேண்டுமென்று விதித்திருக்கின்றது. ஆயின், கண்டியிலிருந்து வத்துகாமத்துக்குச் செல்லும் வழியில் அமைந்த மடவளை பஸாரையும் அதனைச் சூழ்ந்த மேட்டு வீடுகளையும் எடுத்துக்கொண்டால், நாளைக் காலையில் ஒப்படைக்கவேண்டிய ஒப்படையின் கடைசிப் பந்தியை ஒரு மாணவி எழுதிக்கொண்டிருக்கும் தறுவாயில், முனகல் ஒன்றுமின்றித் திரை கறுத்து உயிர்விடுகின்ற லெப்டொப்புக்கு மாத்திரம் அத்தகைய விசாரணை எதுவும் நடப்பதாகக் காணோம். "ஓஃப் ஆயிட்டு" என்னும் இரண்டு சொற்களில் விவகாரம் முடிந்துவிடுகின்றது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் 'அசன்பேயின் கதை' என்னும் நாவலை அச்சேற்றிய கண்டி அறிஞர் சித்திலெப்பையின் காலத்தில், மைக்கூடு கவிழ்ந்தாலன்றி எழுதியது அழிந்துபோவதில்லை. அவ்வசதி ஒழிந்துபோன இக்காலத்திலே இவ்விசாரணையை யாரேனும் ஒருவர் மேற்கொள்ளவேண்டியிருத்தலின், அதற்குரிய அதிகாரம் யாதுமில்லாத நான் இதனைத் தொடங்குகின்றேன்.

சாஸ்திர முறைப்படி பூர்வபட்சத்தை முதலில் கூறி மறுத்தல் வேண்டும். இவ்வூரில் வழங்கும் பட்சங்கள் மூன்று. முதலாவது, வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கண்ணூறு. புதிதாக வாங்கிய பொருளை அயல்வீட்டார் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்பது இதற்கு ஆதாரம். இதனை நான் மறுக்கத் துணியேன்; மறுத்தவனுக்கு அவ்வீட்டில் பின்னர் தேநீர் கிடைப்பதில்லை. இரண்டாவது, வைரஸ். இவ்வாதத்துக்கு ஒரு காலத்தில் உண்மையான அடிப்படை இருந்தது. 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் உலகெங்கும் பரவிய பிளாஸ்டர் என்னும் புழு, கணினியை நிறுத்துவதற்கு முன் அறுபது விநாடியை எண்ணிக்காட்டும் அறிவிப்பொன்றைத் திரையில் தோன்றச் செய்தது. கொலைகாரனே முன்னறிவித்தல் கொடுத்த அந்த நாகரிகம் இன்றைய மரணங்களிற் காணப்படாமையால், வைரஸைக் குற்றவாளியாக்குவதற்குப் போதிய சாட்சியம் இல்லை. மூன்றாவது, திருத்துநரின் பட்சமாகிய 'போர்ட் போயிட்டு' என்பது. இது காரணங் கூறுதல் போலத் தோன்றினும், உண்மையில் விலை கூறுதலேயாம். ஆகவே இதனைப் பொருளியலாரின் ஆராய்ச்சிக்கு விட்டு மேற்செல்வோம்.

இறந்த மனிதன் வாய் திறவான். லெப்டொப்போ மீண்டும் உயிர்பெற்றெழுந்து, தன் மரணத்தைக் குறித்துத் தானே வாக்குமூலம் எழுதிவைக்கின்றது. எந்த மரண விசாரணை அதிகாரிக்கும் இதுவரை வாய்த்திராத சாட்சி இது. விண்டோஸ் கணினிகளில் ஈவன்ட் வியூவர் என்னும் பதிவேட்டைத் திறந்து பார்ப்போர், கேர்னல்-பவர் என்னும் பெயரின் கீழ் 41 என்ற இலக்கமிட்ட குறிப்பொன்றைக் காண்பர். ஆவலோடு அதனை வாசித்தால், 'முறைப்படி நிறுத்தப்படாமலே இக்கணினி மீண்டும் தொடங்கியிருக்கின்றது' என்பதற்கு மேல் அதில் உறுதியாக ஒன்றும் இராது. இறந்தமையால் இறந்தேன் என்று சொல்லும் இச்சாட்சியைக் கண்டு பலர் மனஞ்சோர்ந்து பதிவேட்டை மூடிவிடுவர். அது தவறு. அதன் விவரப் பகுதியில் பக்செக்கோட் என்று ஓர் எண் உண்டு. அது பூச்சியமல்லாத வேறெண்ணாயின், நீலத்திரை தோன்றத்தக்க பிழையொன்று மென்பொருளிலோ ஏதேனுமோர் உறுப்பிலோ நேர்ந்தது என்று அறிக. பூச்சியமாயின், பெரும்பாலும் அப்பிழையை எழுதிவைக்கும் அவகாசம் கூட இல்லாதவாறு மின்னோட்டம் சட்டென்று அறுந்தது என்று அனுமானிக்க இடமுண்டு. 6008 என்னும் மற்றொரு குறிப்போ மரணம் நேர்ந்த நேரத்தைத் தரும். வீட்டார் தம்முள் சச்சரவு செய்துகொண்டு தரும் நேரத்தைக் காட்டிலும் இது நம்பத்தகுந்தது. 1074 காணப்படுமாயின், யாரோ ஒருவர், அல்லது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள விரும்பிய ஏதோவொரு மென்பொருள், வேண்டுமென்றே நிறுத்தியதாகக் கொள்க. அவ்வழக்கு இவ்விசாரணையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பக்செக்கோட் பூச்சியமாய் நின்ற வழக்குகளே நம் கவனத்துக்குரியன. இங்கு என் சித்தாந்தத்தைக் கூறிவிடுகின்றேன்: இம்மரணங்களுட் பெரும்பாலானவை மரணமே அல்ல, ஆபத்தை முன்னுணர்ந்த இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு மேற்கொள்ளும் நிஷ்டையாம். 2001ஆம் ஆண்டில் டொம்ஸ் ஹார்ட்வெயார் என்னும் வெளியீட்டினர், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளின் செயலிமேலிருந்த குளிர்விப்பானைக் கழற்றியெடுத்து, விளைவைப் படம்பிடித்துக் காட்டினர். பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்தது; எத்லோன் புகைந்து கருகியது. அதன்பின் வந்த செயலிகள் பெரும்பாலும் தம்முள்ளே வெப்பமானியைப் பொதிந்துவைத்து, ஏறக்குறைய நூறு பாகை செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைத் தணித்தும், அதற்கும் மேலே வெப்பம் ஏறுமாயின் மின்னை அறவே துண்டித்தும் தம்மைக் காத்துக்கொள்கின்றன. எனவே, ஓஃப் ஆகின்ற லெப்டொப்பைத் திட்டுவோர் அதன் ஒழுக்கத்தையே திட்டுகின்றனர்.

இனி, ஆராய்ச்சியின் மிகச் சிக்கலான இடம் வருகின்றது. கடல்மட்டத்துக்கு ஐந்நூறு மீற்றர் அளவு மேலேயுள்ள கண்டிப் பகுதியில் கொழும்பைப்போல வெப்பமில்லை என்பது சகலரும் அறிந்தது. அவ்வாறாயின் கொழும்பு லெப்டொப்புகளன்றோ வெந்து நிற்கவேண்டும், மடவளை லெப்டொப் ஏன் நிற்கின்றது என்று எதிர்வாதி கேட்பான். விடை: குளிர் இருப்பதனாலேயே வெப்பம் பிறக்கின்றது. மார்கழி, தை மாதங்களில் இரவு பதினெட்டுப் பாகைக்கு இறங்குமிடத்து, இவ்வூர் மாணாக்கர் மேசையைத் துறந்து கட்டிலில் ஏறி, போர்வையை விரித்து, அதன்மேல் லெப்டொப்பை வைத்துக்கொள்கின்றனர். பெரும்பாலான லெப்டொப்புகள் தம் அடிப்புறத்துத் துவாரங்களால் காற்றை உள்ளிழுத்துப் பக்கவாட்டினால் வெளிவிடுவன. போர்வை அத்துவாரங்களை அடைத்துவிடுகின்றது. விசிறி முழுவேகத்தில் அலறும். இழுக்கப்பட்ட நூல்தும்பும் தூசியும் செப்புத் தகடுகளின் இடுக்கில் படிந்து ஒரு மெல்லிய கம்பளமாகும். பல ஆண்டுகளாகத் திறக்கப்படாத கணினியாயின், செயலிக்கும் செப்புக்கும் இடையே பூசப்பட்டிருந்த பசை வறண்டு, வெப்பத்தைக் கடத்தாத மண்ணாகிவிடும். இவை மூன்றும் ஒருங்கே அமைந்த இரவில், இரண்டு மணிநேரம் படம் பார்த்தபின் நேரும் நிறுத்தத்துக்குக் காரணம் போர்வையேயன்றிப் பிறிதில்லை. விசாரணையும் எளிது. வெறும் மரமேசையில் வைத்து அதே வேலையைச் செய்க. நிற்கவில்லையேல் குற்றவாளி அகப்பட்டான். குளிர் தாங்காத மாணாக்கர் போர்வையைத் தாம் போர்த்திக்கொள்ளலாம், லெப்டொப்புக்கு விரிக்கலாகாது.

மற்றொரு வகை மரணம் சாஜரைக் கழற்றியபோதோ, பெட்டரி நாற்பது வீதம் இருக்கின்றது என்று திரை உறுதி கூறிக்கொண்டிருக்கும்போதோ நேர்வது. 1991இல் சந்தைக்கு வந்து, 2019இல் குடினஃப், விற்றிங்ஹாம், யொஷினோ ஆகிய மூவருக்கு நோபல் பரிசு வாங்கிக்கொடுத்த லிதியம்-அயன் மின்கலம், நிறைந்த நிலையில் 4.2 வோல்ட்டும், இறங்கிய நிலையில் ஏறக்குறைய 3 வோல்ட்டும் காட்டும். வயது செல்லச்செல்ல அதன் உட்தடை அதிகரிக்கும். சாந்தமாய் இருக்கும்போது ஒழுங்கான அழுத்தத்தைக் காட்டும் கலத்தில், செயலி திடீரென்று வேலையில் இறங்கி மிகுதியாக மின்னை இழுத்தவுடன் அழுத்தம் சரிந்து எல்லைக்குக் கீழே போக, பாதுகாப்புச் சுற்று கதவைச் சாத்திவிடும். திரை சொன்ன நாற்பது வீதமோ ஒரு மதிப்பீடு. கலம் கிழடாகிவிட்டதை மதிப்பீட்டுக் கணக்கு அறிந்துகொள்ளாமையால் வந்த மயக்கம். இதனைச் சோதிக்க விரும்புவோர், விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி என்னும் ஏவலால் பெட்டரி ரிப்போர்ட்டைப் பெற்று, பிறந்தபோது இருந்த கொள்ளளவையும் இன்று நிரம்பும் கொள்ளளவையும் ஒப்பிடுக. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டதாயின் வாதாட ஒன்றுமில்லை. புதிய பெட்டரிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம். எப்போதும் சாஜரிலேயே நூறு வீதத்தில், அதுவும் போர்வைச் சூட்டில், வைத்திருந்த கலம் விரைவில் முதுமையடையும் என்பதால், இவ்வழக்கிலும் போர்வை உடந்தையாக இருந்திருக்கக்கூடும்.

மூன்றாவது குற்றவாளி சுவரில் இருக்கின்றான். பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, 1976 முதல் சுரங்கவழியாக உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பிவிடும் அணைக்கு மிக அண்மையில் வாழும் மடவளையாருக்கு மின்சாரம் அயல்வீட்டுப் பண்டம். அப்பண்டம் அடுப்பங்கரைவரை வந்து, அங்கிருந்து லெப்டொப்புக்குள் நுழையமாட்டாமல் தடுமாறுவது விசித்திரமே. பழைய வீடுகளின் வட்டமுள் குத்துகளில், பதின்மூன்று அம்பியர் சதுரமுள் சாஜரை மாட்டுவதற்கு இடையில் ஓர் அடப்டரைச் செருகி, அதுவும் தளர்ந்துபோனமையால் அடியில் கடதாசியை மடித்து முட்டுக்கொடுத்து வைப்பது வழக்கம். யாராவது அப்பக்கம் நடந்தால் தொடர்பு கணப்பொழுது அறும். நல்ல பெட்டரியாயின் அக்கணத்தைத் தாங்கிக்கொள்ளும். கிழட்டுப் பெட்டரியாயின் தாங்காது. தளர்ந்த குத்து மட்டும் இருந்தால் மரணமில்லை, கிழட்டுப் பெட்டரி மட்டும் இருந்தாலும் சாஜர் இருக்கும்வரை மரணமில்லை; இரண்டும் கூட்டுச்சேர்ந்தே கொலை செய்கின்றன. ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே சோதித்து, ஒவ்வொன்றையும் நிரபராதி என்று விடுதலை செய்து, கடைசியில் கண்ணூற்றையே ஒப்புக்கொள்ளும் ஆராய்ச்சியாளர் பலர் வழுக்கிய இடம் இது.

இத்தகைய கூட்டுக்காரணத்துக்கு நம் தீவு முழுவதுமே ஒருமுறை சாட்சியாயிற்று. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டுவிட்டதென்று மின்சக்தி அமைச்சரே பத்திரிகையாளருக்குக் கூறினார். நாடு முழுவதும் இருண்டது. உடவத்தைக்கெலைக் காட்டிலிருந்து வந்து கூரையோடுகளைப் புரட்டும் குரங்குகளோடு வழக்காடிக்கொண்டிருக்கும் கண்டி மக்களுக்கு இச்செய்தி வியப்பளிக்கவில்லை. எனினும் குரங்கு தனியே அத்தீமையைச் செய்யவில்லை. ஞாயிறாதலின் மின்தேவை குறைந்திருந்தது. கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் தாராளமாகப் பாய்ந்துகொண்டிருந்தமையால், கனத்த சுழலிகள் அளிக்கும் நிதானம் வலையமைப்பில் குன்றியிருந்தது. அந்நிலையில் ஏற்பட்ட ஆட்டத்தைக் கண்டு நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் தம்மைக் காத்துக்கொள்ளும் நோக்கத்தோடு நின்றுவிட்டன. தீவு செய்ததையே போர்வைமேலிருக்கும் லெப்டொப்பும் செய்கின்றது. குரங்கு மாத்திரம் வேறு.

எஞ்சியிருப்பது ஆராய்ச்சியாளரை நெடுங்காலம் குழப்பிவந்த ஒரு தோற்றப்பாடு. வீட்டில் நாள்தோறும் நின்ற லெப்டொப், பஸாரில் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனவுடன் நாள் முழுவதும் நிற்காமல் ஓடும். "நானா, இதுல ஒண்டும் இல்லியே, நல்லாத்தானே வேல செய்யுது" என்று கடைப்பையன் சொல்லுவான். கொண்டுபோனவர் பொய்யராகத் தலைகுனிந்து திரும்புவார். உண்மையில் இதைவிடச் சிறந்த சாட்சியம் கிடைப்பதரிது. கடையில் கண்ணாடிமேசை உண்டு, மேலே மின்விசிறி உண்டு, புதிய சதுரமுள் குத்து உண்டு. அங்கே நிற்காத கணினி வீட்டில் நிற்குமாயின், பிழை வீட்டில் இருக்கின்றது என்பது நேர்மையான அனுமானம். எனவே, திருத்தக் கொண்டுபோவோர் லெப்டொப்போடு அதன் சொந்த சாஜரையும், அடப்டரையும், முட்டுக்கொடுத்த கடதாசியையும், கட்டிற் போர்வையையும் உடன்கொண்டு செல்வதே சாஸ்திரோக்தமாகும். சுவர்க் குத்தைப் பெயர்த்தெடுத்துச் செல்லும் விஷயத்தில் வீட்டுக்காரரின் சம்மதத்தை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளவும்.