மைனஸ் மாமா

குளிர்காலத்தில், சென்னையில் காலை பதினொன்றரை என்றால் நார்வேயின் டிரோம்சோவில் ஏழு. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், அங்கே குடியேறிய மாமாவின் செய்தி வந்து விழும் நேரம் அதுதான்: "மைனஸ் 9. ஃபீல்ஸ் லைக் மைனஸ் 16." குட்மார்னிங் ரோஜா கிடையாது, ராஜ அலங்கார முருகன் கிடையாது, 'யூர்' வானிலை ஆப்பின் ஸ்கிரீன்ஷாட் மட்டும். (அந்தப் பெயருக்கு நார்வே மொழியில் தூறல் என்று அர்த்தம். மாமா இருக்கும் குழுவில் இது தெரியாமல் யாரும் தப்ப முடியாது.) கீழே ஒரு வரி தத்துவமும் வரும்: "மோசமான வானிலை என்று ஒன்று இல்லை, மோசமான உடைதான் உண்டு." நார்வேயில் நண்டு சிண்டெல்லாம் சொல்லும் சொலவடை. மாமா சொல்லும்போது, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அவரே யோசித்தது போல இருக்கும்.

மாமா வடக்கே போய் நன்றாக ஊன்றிவிட்டார், சந்தோஷமாகவும் இருக்கிறார். அதில் தகராறு இல்லை. அந்தச் சந்தோஷம் குளிரிலிருந்து வருகிறதா, கழித்தல் குறியிலிருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. டிரோம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, 69 பாகைக்கும் மேலே இருக்கிறது. ஆனால் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் கரையோரமாக அதுவரைக்கும் ஏறிப்போவதால், ஜனவரியில் அங்கே சராசரி மைனஸ் 4-ஐ ஒட்டித்தான். நகரத்தில் இதுவரை பதிவான கடுங்குளிரே மைனஸ் 18 சொச்சம். லடாக்கில் லே நகரத்து ஜனவரி இரவுகளில் மைனஸ் பத்துக்குக் கீழே போவது சாதாரணம். அங்கே காவல் நிற்கும் நம்மூர்ப் பையன்கள் யாரும் தினமும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக்கொண்டிருப்பதில்லை. ஆகவே மாமாவுக்குச் சொந்தச் சரக்கு போதவில்லை, கடன் வாங்குகிறார். காராஷோக் என்று ஓர் ஊர், பல நூறு கிலோமீட்டர் தள்ளி, உள்நாட்டுப் பீடபூமியில். 1886 ஜனவரி 1-ஆம் தேதி அங்கே மைனஸ் 51.4 பதிவானது, நார்வேயின் சாதனை அதுதான். "எங்க பக்கம் மைனஸ் ஐம்பத்தொண்ணு போயிருக்கு" என்பார். அந்த 'எங்க பக்கம்' என்ற இரண்டு சொல்லுக்குள் மாமா எத்தனை மலையையும் ஃபியோர்டையும் மடித்து வைத்திருக்கிறார் என்று மேப்பைப் பார்த்தால்தான் தெரியும். 1997 ஏப்ரல் 29 அன்று டிரோம்சோவில் பனி 240 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கிடந்தது என்பதும் உண்மையே. அன்றைக்கு மாமா மதுரையில் பிளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு மொட்டைமாடியில் படுத்திருந்திருப்பார். இப்போது சொல்லும்போது, அந்த 240-ஐயும் அவரே மண்வெட்டியால் அள்ளிப் போட்டதாகத் தொனிக்கும்.

இன்னும் பலமான சாட்சி, அவர் அனுப்பாத எண்கள். குளிர்காலத்திலும் அங்கே பிளஸ் 2 வரும், மழை பெய்யும். இறுகிய பனியின் மேல் மழை விழுந்து திரும்ப உறைந்தால் தெரு கண்ணாடித் தரையாகிவிடும். ஜனங்கள் ஆணி வைத்த ரப்பர்ப் பட்டையை ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, கோழி நடப்பது போல அடி எடுத்து வைப்பார்கள். கால் முறிவது இந்த நாட்களில்தான். கஷ்டம் என்றால் இதுதான் கஷ்டம். ஆனால் பிளஸ் 2 என்பது கொடைக்கானலுக்கே வந்துபோகிற எண். அன்றைக்குக் குழுவில் அமைதி நிலவும். மே 20-இலிருந்து ஜூலை 22 வரை சூரியன் மறையாது. ஜன்னலை எதைக்கொண்டாவது மூடிவிட்டுத்தான் தூங்க வேண்டும். அதைப் பற்றியும் பெரிதாகப் பேச்சில்லை. அதில் மைனஸ் இல்லையே.

வெயிலில் 42 டிகிரி என்று நாம் புலம்புவதில்லையா, அது போலத்தானே இது என்று கேட்கலாம். இல்லை. நாம் 42-ஐச் சொல்வது அதில் வெந்துகொண்டே. மாமா மைனஸ் 9-ஐச் சொல்வது 23 டிகிரி வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு. அவருடைய குளியலறைத் தரைக்கு அடியில் சூடேற்றும் வயர் ஓடுகிறது. வட நார்வேயில் வீட்டுக் கரண்டுக்கு மதிப்புக்கூட்டு வரிகூட இல்லை. குளிர் என்றால் என்ன என்று தெரிய வேண்டுமா, ஜனவரி விடிகாலையில் ஊட்டி வீட்டுக் குளியலறையின் சிமென்ட் தரையில், கீசர் ரிப்பேரான அன்றைக்கு நின்று பார்க்க வேண்டும். இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. கேரி லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் டிரோம்சோவிலேயே தங்கி ஆராய்ந்தார். வடக்கே போகப் போக, குளிர்காலத்தை வாய்ப்பாகப் பார்க்கும் மனம் கூடுகிறது என்று அவரும் ஒரு நார்வேப் பேராசிரியரும் 2020-இல் எழுதினார்கள். நான் அதை மறுக்கவில்லை. அவர்கள் அளந்தது மனத்தை. நமக்குப் பிரச்சினை வாய்.

சிரித்துவிட்டுப் போக முடியாத இடமும் ஒன்று உண்டு. மாமாவுக்கு வெகுமுன்பே, 1980-களில், ஈழத்துத் தமிழர்கள் அதற்கும் வடக்கே ஃபின்மார்க்குக்குப் போனார்கள். வார்டோ போன்ற கடலோர ஊர்களின் மீன் ஆலைகளில் ரப்பர் பூட்ஸ் போட்டு நின்று, கையில் கத்தியோடு, வரிசையாக வரும் காட் மீனைத் துண்டு போட்டார்கள். ஊரில் அப்போது யுத்தம். வீட்டுக்குப் போன் கிடைத்தால் அவர்கள் கேட்டது அங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறீர்களா என்றுதான். இங்கே எத்தனை டிகிரி என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மாமா கேட்பதே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, கரண்ட் இல்லாமல், கீழ்வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறி, மிச்சமிருந்த நான்கு சதவீத சார்ஜில் போனைத் திறந்தவர்களுக்கும் கிடைத்தது மைனஸ் 9 தான். அது வேடிக்கை இல்லை, மாமா.

என் வாதத்துக்கு அடங்காத நாள் ஒன்று இருக்கிறது. நவம்பர் 27 வாக்கில் டிரோம்சோவில் மறைகிற சூரியன், தெற்கு மலைகளைத் தாண்டித் தலை காட்ட ஜனவரி 21 ஆகிவிடும். அன்றைக்கு ஊரே ஜாம் வைத்த 'சூரிய பன்' வாங்கித் தின்னும். அன்று மாமாவிடமிருந்து வருவது ஏழெட்டு நொடி வீடியோ மட்டும்: மலை விளிம்பில் ஆரஞ்சாக ஒரு கீற்று, ஓரத்தில் பாதி கடித்த பன், பக்கத்தில் ஏதோ குழந்தைகளின் கூச்சல். ஸ்கிரீன்ஷாட் இல்லை, சொலவடை இல்லை. அன்றைக்கு எத்தனை டிகிரி என்று நாமாகக் கேட்டால்தான் தெரியும். யாரும் கேட்பதில்லை.