இரும்புக்கு ஃபாரம் கிடையாது

கவரைப்பேட்டையில் என்னை 'ஸ்கேன் எடுக்கிற அக்கா' என்பார்கள். எடுப்பது டாக்டர். வெளிநாடுகளில் என்னைப் போன்றவர்களே புரோப் பிடித்துப் படமெடுத்துவிட, டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவாராம். இங்கே கர்ப்பிணி வயிற்றில் நான் புரோப் வைத்தால் வழக்கு. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-ல் போட்ட சட்டம். 1996 ஜனவரியில் அமலுக்கு வந்தது, 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். ஆகவே ஜெல் தடவுவேன், துடைக்க டிஷ்யூ கொடுப்பேன். மிச்ச நேரமெல்லாம் அந்தச் சட்டப்படி ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் நிரப்பும் எஃப் ஃபாரம்தான்.

நான் சேர்ந்த புதிதில் மெஷின் பீரோ சைஸில் இருக்கும். திரை முழுக்கப் பொரிப்பொரியாகச் சாம்பல். "இதோ தலை" என்று டாக்டர் சொன்னால் தலை. எல்லோரும் பக்தியோடு தலையாட்டுவோம். இப்போது லேப்டாப் அளவு மெஷினில் உதடு, மூக்கு, இதயத்தின் நாலு அறையும் தெரிகின்றன. பக்திதான் காணோம். "தொடை எலும்பு ரெண்டு மில்லிமீட்டர் கம்மியாமே, கூகுள்ல பார்த்தேன்" என்று படுத்தபடியே விசாரணை நடக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டிங் விரிசல் பார்க்கும் தம்பி ஒருவர் மனைவியை அழைத்துவந்தார். அவர் வேலையும் ஜெல் தடவிப் புரோப் ஓட்டுவதுதான். "நான் லெவல் டூ அக்கா, ரிப்போர்ட்டே நான்தான் போடுவேன்" என்றார். பீற்றிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. கிளாஸ்கோ டாக்டர் இயன் டொனால்ட் 1955-ல், அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பாய்லர் கம்பெனிக்குப் போய், இரும்பில் விரிசல் தேடும் கருவியில்தான் முதலில் வைத்துப் பார்த்தார். லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது 1958-ல். ஆக, மூத்தது பட்டறைதான். இரும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று எவரும் கேட்பதில்லை. அதனால் அவர் கையில் புரோப், என் கையில் பேனா.

அந்தக் காலத்து மாமியார்கள் நேராகவே கேட்பார்கள்: "என்னம்மா, பேரனா?" இப்போது குழந்தையின் பாலினம் சொல்வதில்லை என்ற போர்டு கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறது. தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்று மருமகள் எஃப் ஃபாரத்தில் கையெழுத்தும் போடுகிறாள். அதே ஃபாரத்தில், இருக்கிற பிள்ளைகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று சர்க்காரே கேட்டுக்கொள்கிறது, அது வேறு. மை காய்வதற்குள் மாமியார் என் காதருகில் குனிகிறார்: "போர்டைப் படிச்சேன் கண்ணு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். லட்டு வாங்கட்டுமா, ஜிலேபி வாங்கட்டுமா?"

"காராபூந்தி வாங்குங்கம்மா."

முன்பெல்லாம் மூச்சைப் பிடிக்கச் சொல்லத் தமிழும், ஆந்திர எல்லைப் பக்கம் என்பதால் கொஞ்சம் தெலுங்கும் போதும். இப்போது கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பங்கள் வரிசையில் நிற்கின்றன. "சாஸ் ரோக்கோ" என்கிறேன், புரிந்துகொள்கிறார்கள். சிரமம் விலாசத்தில்தான். கிராமம், போஸ்ட், தாணா, ஜில்லா எல்லாம் கணவர் போனில் ஊருக்குக் கேட்டுச் சொல்ல, நான் குத்துமதிப்பாக எழுத்துக்கூட்டுகிறேன். உள்ளே டாக்டர் குழந்தையை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்து முடித்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார். நான் இன்னும் தாணாவில் நிற்கிறேன்.