தேரை, வெந்தய வரியன் ஆகியோரின் விஷச் சொத்து: ஓர் ஒப்பாய்வு

ஆய்வுக்களம் எங்கள் கொல்லைப்புறம். வடக்கெல்லை எருக்கஞ்செடி, தெற்கெல்லை துணி துவைக்கும் கல். கல்லுக்கடியில் குடியிருப்பவர் தேரையார் (அறிவியல் பெயர் சூட்டியவர் ஷ்னைடர், 1799). எருக்கைச் சுற்றி வருபவர் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி (லின்னேயஸ், 1758). ஆக, 41 ஆண்டுப் பணிமூப்பு பூச்சிக்கே என்பது முதற்கண் பதிவு செய்யப்படுகிறது.

இருவரிடமும் அவசரம் என்பதே கிடையாது. ஆளைக் கண்டால் தவளை எகிறும். தேரை நாலு தத்து தத்திவிட்டு உட்கார்ந்துவிடும். கரப்பானை விழுங்கும்போதுகூடக் கண்ணிரண்டையும் உள்ளே அமுக்கி, அந்த விழிகளாலேயே இரையைத் தொண்டைக்குள் தள்ளி, சாவகாசமாகத்தான் முடிக்கும். வரியனும் பறப்பதில்லை, உலாவுகிறது.

இந்தத் தெனாவட்டுக்குக் காரணம் கையிருப்பு. தேரைக்குக் கண்ணின் பின்னே புடைத்த சுரப்பியில் பியூஃபாடையினோலைடு. வரியனுக்கு உடம்பில் கார்டினோலைடு. முன்னதன் மூலக்கூறில் ஆறணு வளையம், பின்னதில் ஐந்தணு வளையம். கைவைக்கும் இடம் ஒன்றே: இதயச் செல்லின் சோடியம்-பொட்டாசியம் பம்ப்.

சொத்து வந்த வழிதான் வேறு. தேரையுடையது சுயார்ஜிதம், கொலஸ்ட்ராலிலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. வரியனுடையதோ புழுவாக இருந்தபோது எருக்கிலை தின்று சேர்த்தது. சிறகு முளைத்தபின் உட்கார்ந்து அனுபவிக்கிறது. மைனர் பேரில் கிரயமான சொத்து என்றே இவ்வாய்வாளர் கருதுகிறார். இதில் போலிப் பத்திரமும் உண்டு. ஹைப்போலிம்னஸ் மிசிப்பஸ் என்றொரு பூச்சி, விஷம் கிடையாது. அதன் பெண்கள் மட்டும் வரியனின் ஆரஞ்சு உடையை அப்படியே உடுத்தித் திரிகின்றன. பறவைகள் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதில்லை.

தேரை மாதிரி வேஷம் கட்ட எங்கள் கொல்லையில் ஒரு ஜீவனும் முன்வரவில்லை. அதற்கு வாய்த்ததெல்லாம் பழிதான். தேங்காய் சூம்பினால் "தேரை மோந்துடுச்சு" என்பார் அத்தை. துவைக்கிற கல்மேல் ஏறவே திணறும் பிராணி தென்னையில் ஏறி மோப்பம் பிடித்ததாம்! போரான் குறைவாலும் ஈரியோஃபைட் சிலந்தியாலும் காய் சூம்பும் என்று எடுத்துச் சொன்னதற்கு, "நீ என்ன அதுக்கு வக்கீலா?" என்றார். இந்த மறுப்புரைக்கு ஆய்வாளரிடம் பதில் இல்லை.

சாரைப்பாம்பு மட்டும் சுயார்ஜிதம், பத்திரம் எதையும் மதிப்பதில்லை. தேரையை முழுசாக விழுங்கிவிட்டு வேலியோரமாகப் போய்விடுகிறது. அதனிடம் நேர்காணல் எடுக்கும் அத்தியாயத்தை, அத்தையை நெறியாளராகக் கொண்டு, அடுத்து வரும் ஆய்வாளர் எழுதிக்கொள்ளலாம்.